பழுது பார்ப்பவரும் ஆராய்ச்சியாளரே!

ஒரு பொருள் பெரிய தொழிற்சாலையில் உருவாகி வந்தது என்றாலே அது குறையற்றது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அது கெட்டுப்போனால், வைத்திருந்தவருக்குச் சரியாகக் கையாளத் தெரியவில்லை என்கிறோம். அதைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து தருபவரையோ, கையில் எண்ணெய் படிந்த தொழிலாளி என்ற அளவிலேயே நிறுத்திவிடுகிறோம். வரைபடம் போட்டவர் அறிஞர். ஸ்பானர் பிடித்தவர் வேலையாள். இந்தப் பாகுபாடு சரியானதுதானா?

சரியன்று என்பது என் கருத்து. உடைந்த இயந்திரத்தைத் திறந்து, 'இது ஏன் உடைந்தது?' என்று கேட்பவர் செய்வதும் ஆராய்ச்சியே. சில வேளைகளில், அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத உண்மையும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்குச் சான்றாக ஒரு புகழ்பெற்ற பந்தயக் கார் நிறுவனத்தின் எஞ்சினையும், அதன் குறைகளைக் கண்டறிந்து திருத்திய சிறிய பட்டறைகளையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மாணவ நண்பர்களே, இதைக் கார்களைப் பற்றிய செய்தியாக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள உராய்வு, வெப்ப விரிவு, விசைகளின் கூறுகள் ஆகிய மூன்றும் இதில் வருகின்றன.

நெருக்கடியில் பிறந்த எஞ்சின்

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1964 முதல் தயாரித்து வரும் '911' என்னும் கார் உலகப் புகழ் பெற்றது. அதன் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். மூன்று ஒரு பக்கமும் மூன்று எதிர்ப்பக்கமுமாகத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த எஞ்சின் காற்றாலேயே குளிர்விக்கப்பட்டு வந்தது.

1990களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் பெரும் நெருக்கடிக்கு ஆளாயிற்று. 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் கார்களை விற்ற நிறுவனம், 1993 வாக்கில் பதினைந்தாயிரத்திற்கும் குறைவாகவே விற்றது. செலவைக் குறைத்தாக வேண்டும். புகை, ஒலி பற்றிய புதிய சட்டங்களுக்கும் பணிந்தாக வேண்டும். ஆகவே நீரால் குளிர்விக்கப்படும் முற்றிலும் புதிய எஞ்சின் ஒன்றை உருவாக்கினார்கள். 1996-இல் வந்த 'பாக்ஸ்டர்' என்னும் காரிலும், 1997-இல் வந்த புதிய 911-இலும் இந்த ஒரே குடும்பத்து எஞ்சினே பொருத்தப்பட்டது. கார்கள் நன்றாக விற்றன. நிறுவனம் பிழைத்துக்கொண்டது. இதை மறந்துவிட்டுக் குறைகளை மட்டும் பேசுவது நியாயமாகாது.

ஆனால் சில ஆண்டுகளில் ஒரு விந்தையான செய்தி பரவத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் சில, எந்த முன்னறிவிப்பும் இன்றித் திடீரென்று முழுவதுமாக நொறுங்கின. வேகமாக ஓட்டியவர்களின் கார்களுக்கு மட்டும் இது நேரவில்லை. மெதுவாகவும் கவனமாகவும் ஓட்டப்பட்ட கார்களிலும் நேர்ந்தது. அப்படியானால் குறை ஓட்டியவரிடம் இல்லை; வேறு எங்கோ இருக்கிறது.

கைக்குள் அடங்கும் குற்றவாளி

எஞ்சினில் பிஸ்டன்களின் முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. நான்கு அடி எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இந்தக் கணக்கு சிறிதும் தவறக் கூடாது. தவறினால் திறந்திருக்கும் வால்வின் மீது பிஸ்டன் வந்து மோதும்.

போர்ஷே எஞ்சினில் கிராங்க் தண்டுக்கும் கேம் தண்டுகளுக்கும் நடுவே, கீழ்ப்புறத்தில், ஓர் இடைத்தண்டு இருக்கிறது. கிராங்க் தண்டு சங்கிலி மூலம் இதைச் சுழற்றும். இது வேறு சங்கிலிகள் மூலம் இரு பக்கத்துக் கேம் தண்டுகளையும் சுழற்றும். இந்த இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பால் பேரிங். குற்றவாளி அதுதான்.

சைக்கிள் சக்கரத்தின் அச்சில் கிரீஸுக்குள் புதைந்திருக்கும் எஃகுக் குண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பால் பேரிங்கும் அதே வகைதான். இந்த எஞ்சினில் வைக்கப்பட்டது, இருபுறமும் ரப்பர் சீல் கொண்டு மூடப்பட்டு, உள்ளே கிரீஸ் அடைக்கப்பட்ட பேரிங். ஆயுள் முழுவதும் தொட வேண்டாம் என்பது இவ்வகை மூடிய பேரிங்கின் சிறப்பு. பொருத்துவதும் எளிது, செலவும் குறைவு.

ஆனால் அது வைக்கப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். அதைச் சுற்றிலும் சூடான எஞ்சின் எண்ணெய். நாள்பட்ட வெப்பத்தில் ரப்பர் இறுகி, சீல் சரியாகப் படியாமல் போகிறது. மெல்லிய சூடான எண்ணெய் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. உள்ளே நுழைந்த எண்ணெய் வெளியேறவும் வழியில்லை. புதிய எண்ணெய் வரவும் வழியில்லை. பழைய எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கெடுகிறது. குண்டுகளைக் காப்பதற்காக வைத்த சீல், நல்ல எண்ணெயைக் குண்டுகளிடம் சேர விடாமல் தடுக்கும் சுவராகிவிடுகிறது! காலப்போக்கில் குண்டுகளின் மேற்பரப்பு குழிபட்டு உதிர்கிறது. தண்டு ஆடுகிறது. சங்கிலி தாவுகிறது. வால்வும் பிஸ்டனும் மோதுகின்றன. சிறு பேரிங் ஒன்றால் முழு எஞ்சினும் பாழ்.

இதே நிறுவனம், அதே காலத்தில், தன் விலையுயர்ந்த 'டர்போ', 'ஜிடி3' கார்களில் பழைய எஞ்சினின் வழிவந்த வேறொரு எஞ்சினை வைத்தது. அதிலும் இடைத்தண்டு உண்டு. ஆனால் அது குண்டுகளின் மீது சுழலவில்லை. அழுத்தத்துடன் வரும் எண்ணெயின் மீது சுழன்றது. அந்த எஞ்சின்களில் இந்த நோய் இல்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுச் செய்யும் ஒப்பீட்டுச் சோதனையைப் போல இது தானாகவே அமைந்துவிட்டது.

பட்டறைகள் தந்த மருந்து

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள எல்.என். எஞ்சினியரிங் என்னும் சிறிய நிறுவனம் இந்தப் பேரிங்கை ஆராய்ந்து மாற்றுப் பேரிங் தயாரித்தது. இந்நோய்க்கு இன்று தனிப் பட்டறைகள் பலவும் கையாளும் மருந்துகள் மூன்று.

முதலாவது மிக எளியது. ஒரு பக்கத்துச் சீலை நீக்கிவிடுவது. அப்போது எஞ்சினுக்குள் தெறிக்கும் எண்ணெய் குண்டுகளை ஓயாமல் நனைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எஃகுக் குண்டுகளுக்குப் பதிலாகச் சிலிக்கான் நைட்ரைடு என்னும் பீங்கான் வகைப் பொருளாலான குண்டுகளை வைப்பது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், சிலிக்கான் நைட்ரைடின் அடர்த்தி 3.2 கிராம் அளவே. அதே அளவுள்ள குண்டு எடையில் பாதிக்கும் குறைவு. வட்டத்தில் சுழலும் பொருளின் மீதான விசை அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே சுழலும்போது வெளி வளையத்தை இக்குண்டுகள் அழுத்துவதும் குறையும். இப்பொருள் எஃகைவிடக் கடினமானதும்கூட.

மூன்றாவது, குண்டுகளையே நீக்கிவிட்டு, பட்டறை மொழியில் 'புஷ்' எனப்படும் வழவழப்பான வளையத்தை வைத்து, அதற்கு எண்ணெய் வடிகட்டியின் பக்கத்திலிருந்து ஒரு குழாய் மூலம் அழுத்தத்துடன் எண்ணெய் அனுப்புவது. குண்டு இல்லாமல் தண்டு எப்படித் தேயாமல் சுழலும் என்று கேட்கலாம். இதற்கு விடை 1883-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வந்தது! தக்கையால் அடைத்தார், மர முளையால் அடைத்தார், இரண்டையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஆப்புப்போல் இடுக்கில் செலுத்துகிறது. அங்கே உண்டாகும் அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதக் கொள்கையை வகுத்தார். இன்றும் பொறியியல் கல்லூரிகளில் அவர் பெயராலான சமன்பாடு கற்பிக்கப்படுகிறது. தொல்லை கொடுத்த ஒரு துளையிலிருந்து ஓர் இயலே பிறந்தது என்பதை மறவாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஏன்?

இந்த எஞ்சின் குடும்பத்தில் இரண்டாவது நோயும் உண்டு. அது சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுவது. எடை குறைவதற்காக இந்த எஞ்சினின் உடலை அலுமினியத்தில் வார்த்தார்கள். அலுமினியம் மென்மையானது. ஆகையால் பிஸ்டன் உராயும் பகுதியில் மட்டும் கடினமான சிலிக்கான் துகள்களை அலுமினியத்தோடு சேர்த்து வார்த்தார்கள். பிஸ்டன் அத்துகள்களின் மீதும் எண்ணெய்ப் படலத்தின் மீதும் வழுக்கிச் செல்லும் என்பது திட்டம்.

பிஸ்டனின் வேகத்தைச் சற்றுக் கணக்கிடுங்கள். 1997-இல் வந்த 3.4 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் ஒரு முறை செல்லும் தூரம் 78 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 6800 சுற்று என்றால், நொடிக்கு ஏறத்தாழ 227 முறை அது சிலிண்டரின் நீளத்தில் ஓடுகிறது. சராசரி வேகம் நொடிக்கு 17.7 மீட்டர், அதாவது மணிக்கு 64 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வேகத்தில் எண்ணெய்ப் படலம் ஓரிடத்தில் அறுந்தாலும் சுவர் கீறப்படும்.

உடைந்த எஞ்சின்களைத் திறந்து பார்த்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டார்கள். ஆறு சிலிண்டர்களும் ஒரே பொருளால் ஆனவை. ஒரே எண்ணெய், ஒரே நீர், ஒரே ஓட்டுநர். ஆனால் கீறல்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களில்தான்! ஓட்டுநரின் கவனக்குறைவோ மட்டமான எண்ணெயோ மட்டும் காரணம் என்றால் இரு பக்கமும் சமமாக அல்லவா கெட்டிருக்க வேண்டும்?

இங்கேதான் உங்கள் விசைப் பாடம் உதவுகிறது. ஒரு தாளில் நடுவே கிராங்க் தண்டையும், இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வொரு பிஸ்டனையும் வரையுங்கள். கிராங்க் தண்டு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதாகக் கொள்ளுங்கள். எரிவாயு வெடித்து வலப்பக்கப் பிஸ்டனை உள்நோக்கித் தள்ளும்போது, அதன் இணைப்புத் தண்டு சாய்வாக மேல்நோக்கி நிற்கும். சாய்ந்த தண்டு தரும் எதிர்விசையைக் கூறுகளாகப் பிரித்தால், ஒரு கூறு பிஸ்டனைக் கீழ்ச்சுவரின் மீது அழுத்தும். இடப்பக்கப் பிஸ்டனுக்கும் இதே போல் வரைந்து பாருங்கள். அங்கே அதே கூறு பிஸ்டனை மேற்சுவரின் மீது அழுத்துவதைக் காண்பீர்கள். எஞ்சின் ஒன்றே, ஆனால் ஒரு பக்கத்தில் அழுத்தம் கீழே, மறுபக்கத்தில் மேலே. கீழ்ச்சுவரில் எண்ணெய் தங்கும். மேற்சுவரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். எந்தப் பக்கத்தில் அழுத்தம் மேற்சுவரின் மீது விழுகிறதோ அந்தப் பக்கமே மிகுதியாகக் கீறல் பட்டது.

இங்கிலாந்தின் போல்டன் நகரில் உள்ள ஹார்ட்டெக் என்னும் தனிப் பட்டறை, இதனோடு வெப்பத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தது. குளிர்நீர் சிலிண்டர்களைச் சுற்றி எப்படிப் பாய்கிறது, எந்தச் சுவர் கூடுதலாகச் சூடாகிறது என்று ஆராய்ந்தது. அலுமினியம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிவடையும். 96 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் 20 பாகை சூடேறினால் விட்டம் 0.044 மில்லிமீட்டர் மாறும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆகவே ஒரு பக்கம் சற்றே கூடுதலாகச் சூடானாலும் வட்டம் குலையும். மேலும், இந்தச் சிலிண்டர்களின் மேல்விளிம்பு சுற்றிலும் பிடிப்பின்றி நிற்பதால், நாள்பட்ட அழுத்தத்தில் அவை முட்டை வடிவம் கொள்வதும் விரிசல் விடுவதும் உண்டு.

மேல்விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தி இறுக்குதல்; தேய்ந்த சுவரைக் கடைந்தெடுத்துவிட்டு, நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த கடினப் பூச்சுள்ள புதிய குழலை இறக்குதல்; குறைந்த வெப்பநிலையிலேயே திறக்கும் தெர்மோஸ்டாட்டை வைத்தல். இவை இந்நோய்க்குக் கண்ட மருந்துகள். இவ்வகை நிக்கல் பூச்சு பழைய காற்றுக் குளிர்ச்சிப் போர்ஷே எஞ்சின்களில் நெடுங்காலம் வழங்கியதுதான். புதுமை வேண்டி விட்ட பழமையை, ஆராய்ந்து பார்த்து மீண்டும் கொண்டுவந்தார்கள் எனலாம்.

மறுபக்கத்தையும் கேட்போம்

இதுவரை படித்ததும், 'பெரிய நிறுவனத்தார் அறியாதவர்கள். பட்டறைக்காரர்களே அறிந்தவர்கள்' என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதுவும் அறிவியல் மனப்பான்மை ஆகாது.

பட்டறைக்கு வருவதெல்லாம் நோயுற்ற எஞ்சின்களே. மருத்துவமனை வார்டில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு ஊரில் எல்லாருமே நோயாளிகள் என்று தோன்றும். ஒழுங்காக ஓடுகின்ற கார் பட்டறைக்கு வருவதில்லை, கணக்கிலும் சேர்வதில்லை. பேரிங்குகளில் மிகவும் பலவீனமானது ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்டது. அதைப் பற்றி அமெரிக்காவில் நடந்த வழக்கை ஒட்டிப் பரவலாகப் பேசப்பட்ட கணக்கு, நூற்றுக்கு எட்டு அளவில் கெட்டன என்பதே. அப்படியானால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கெடவில்லை! எட்டு என்பது ஓர் எஞ்சினுக்குப் பொறுக்க முடியாத அளவுதான். ஆயினும் 'எல்லாமே உடையும்' என்பதும் 'எதுவுமே உடையாது' என்பதும் ஒரே வகைப் பிழைகள்.

அடுத்தது, மருந்தை விற்பவரே நோயையும் சொல்கிறார். நோய் பெரிதென்று காட்டினால் அவருக்கு ஆதாயம்; சிறிதென்று காட்டினால் நிறுவனத்திற்கு ஆதாயம். கீறல் விழுவதற்கான காரணத்திலும் தனி வல்லுநர்களுக்குள் கருத்து ஒற்றுமை இல்லை. எண்ணெயின் தன்மை, எரிபொருள் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவது, பிஸ்டனின் மேற்பூச்சு உரிவது என்று ஒவ்வொருவரும் ஒன்றை முதன்மையாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் யாரை நம்புவது? ஆளைப் பார்த்து நம்ப வேண்டாம். அவர் கூறும் காரணம் சோதனையில் நிற்கிறதா என்று பாருங்கள். பேரிங் விஷயத்தில் அது நின்றது. அழுத்த எண்ணெயில் சுழன்ற எஞ்சின்களில் நோய் இல்லை. நிறுவனமே பேரிங்கை ஒருமுறைக்கு மேல் மாற்றியது; கடைசியில் 2008-இல் அறிமுகமான புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டையே விட்டுவிட்டது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு, 2013-இல் பழுதுச் செலவை ஈடுசெய்யும் உடன்பாட்டில் முடிந்தது.

திறந்து பார்க்கும் உரிமை

இவ்வளவும் நடந்ததற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. அந்த எஞ்சினை வெளியார் திறந்து பார்க்க முடிந்தது. ஐரோப்பாவில் 2002-இல் வந்த ஒரு விதி, கார் நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பத் தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இது வெறும் வணிகச் சலுகை அன்று. அறிவின் பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். ஓர் ஆய்வாளரின் முடிவை வேறோர் ஆய்வாளர் சரிபார்க்க முடிந்தால்தான் அது அறிவியல். இயந்திரத்திற்கும் அதுவே பொருந்தும். செய்தவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்று பூட்டப்பட்ட பொருளின் குறை, செய்தவர் வாய் திறக்கும் வரை வெளியே தெரியாது. இன்று எத்தனையோ பொருள்கள் திருகாணிக்குப் பதில் பசையால் ஒட்டப்பட்டும் மென்பொருளால் பூட்டப்பட்டும் வருகின்றன. இதை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் கல்வி முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் எப்படி இயங்குகிறது என்று படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் முழு மதிப்பெண் தருகிறோம். 'இது எப்படிக் கெட்டுப்போகும்?' என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. இரண்டாவது வினாவுக்கு விடை சொல்பவருக்கு முதல் வினாவின் விடை தெரிந்தே இருக்கும்; முதலாவதை மனப்பாடம் செய்தவருக்கு இரண்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே பழுதைப் படிப்பது பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பளபளக்கும் கருவிகளோடு, உடைந்த பேரிங்கும் எரிந்த மோட்டாரும் தேய்ந்த பல்சக்கரமும் வைக்கப்பட வேண்டும்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மின்விசிறியோ சைக்கிளோ பம்புசெட்டோ பழுதானால், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரப் பொருளைப் பெரியவர் துணையின்றித் தொடாதீர்கள். தேய்வு எந்தப் பக்கம் இருக்கிறது? ஏன் அந்தப் பக்கம்? புதிய பாகத்திற்கும் அதே கதி நேருமா? இந்த மூன்று வினாக்களையும் குறிப்பேட்டில் எழுதி, படம் வரைந்து, விசைகளைக் குறியுங்கள். பழுது பார்க்க வந்தவரிடமும் கேளுங்கள். பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான உடைந்த பாகங்களைப் பார்த்தவர் அவர். புத்தகத்தில் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும். அவர் அனுபவத்தில் கண்டதற்கான காரணம் உங்கள் புத்தகத்தில் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில்தான் நல்ல இயந்திரங்கள் பிறக்கின்றன.